குடுமியான்மலைப் பாறையை மியூஸ்ஸ்கோரில் திறந்தால்

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. சுற்றுவட்டார விவசாயிகளுக்கு அது அண்ணா பண்ணை இருக்கும் ஊர். சிற்பம் பார்க்க வருகிறவர்களுக்குச் சிகாநாதசுவாமி கோயிலின் மண்டபத் தூண்கள். இரு தரப்பும் பெரும்பாலும் பார்க்காமல் திரும்பிவிடுவது, மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை ஒட்டிய பாறை முகப்பை. ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பு. பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள். கல்வெட்டு என்றால் நிலதானமோ, விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் கணக்கோ, மன்னனின் மெய்க்கீர்த்தியோ இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இதில் இருப்பது ஸ ரி க ம ப த நி.

எழுத்தமைதியை வைத்து ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். 1904இல் கல்வெட்டுத் துறையினர் கண்டெடுத்தார்கள்; பி. ஆர். பண்டார்கர் வாசித்து 'எபிகிராபியா இண்டிகா' தொகுதியில் வெளியிட்டார். எழுதியவன் யார் என்பதற்குக் கல்வெட்டின் முடிவுரை பாதி விடைதான் தருகிறது. உருத்திராசாரியரின் மாணவன், சிவபக்தனான ஓர் அரசன், தன் மாணாக்கர் பயனடைவதற்காக இவற்றை இயற்றினான் என்கிறது, பெயர் சொல்லவில்லை. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்தான் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது, அதை மறுக்கிற அறிஞர்களும் உண்டு. எனக்கு அந்த வழக்கைவிட 'மாணாக்கருக்காக' என்ற குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது. பாடம் நடத்துகிற ஒருவன் தன் ஸ்வரங்களை எழுத்தாக்கி, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி பொது இடத்தில் வைத்திருக்கிறான். இன்று மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருளில் ஒரு மெட்டை எழுதி இணையத்தில் ஏற்றுகிறவர் செய்வதும் அதைத்தான்.

அப்படியானால் அந்தப் பாறையை அப்படியே ஒரு மென்பொருளுக்குள் தட்டச்சு செய்து 'பிளே' பொத்தானை அமுக்கினால் என்ன கேட்கும்?

முதலில் பாறையில் இருப்பது என்னவென்று பார்த்துவிடலாம். ஏழு பகுதிகள்: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். ஒவ்வொரு பகுதியிலும் ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கூட்டம் கட்டி நிற்கின்றன. ஒரு வரிக்கு 16 கூட்டம், அதாவது 64 ஸ்வரம். ஏழு ஸ்வரங்களோடு அந்தர காந்தாரம், காகலி நிஷாதம் என்று இரண்டு கூடுதல். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் அங்கே 'ஸ' மட்டும் இல்லை. ஸ, ஸி, ஸு, ஸெ என்று நான்கு வடிவில் வருகிறது. அதேபோல ர, ரி, ரு, ரெ. மற்ற ஸ்வரங்களுக்கும் இப்படியே அ, இ, உ, எ என்ற நான்கு உயிர்கள். போதாததற்குச் சில எழுத்துகளின் தலையில் புள்ளி.

இந்த நான்கு உயிர்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் நூறு ஆண்டுகளாக ஒருமித்த முடிவு இல்லை. சுருதியின் நுண்ணிய ஏற்ற இறக்கம் என்பது ஒரு கட்சி. நரம்பை எந்த விரலால், எந்தத் திசையில் மீட்ட வேண்டும் என்பதன் குறி என்பது இன்னொரு கட்சி. பகுதித் தலைப்புகள் இந்த ஸ்வரங்களைச் 'சதுஷ்பிரஹாரம்', அதாவது நான்கு அடிகள் கொண்டவை, என்று அழைப்பதால் எனக்கு இரண்டாவது கட்சியின் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. அடி என்றால் நரம்பில் விழும் அடி. கல்வெட்டின் இறுதியில் தமிழில் ஒரு சிறு குறிப்பும் இருக்கிறது: இவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்று. எட்டு நரம்பு, ஏழு நரம்புக் கருவிகள் என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு.

எழுதியவனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. பாறையின் முன்னால் மாணவன் நிற்பான், பக்கத்தில் ஆசான் இருப்பார். 'ஸு என்றால் இப்படி' என்று அவர் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் முடிந்தது. ஆசான் போய்விட்டார், பாறை இருக்கிறது.

இப்போது கணினிக்கு வருவோம். மியூஸ்ஸ்கோர் இலவச மென்பொருள்; ஜெர்மானியரான வெர்னர் ஷ்வேர் 2002இல் தொடங்கியது. புதிய பக்கம் ஒன்றைத் திறந்ததுமே அது கேள்வி கேட்க ஆரம்பிக்கும். என்ன வாத்தியம்? எந்த ஸ்வரம் அடிப்படை? தாளத்துக்கு எத்தனை எண்ணிக்கை? வேகம் எவ்வளவு? பதில் சொல்லாவிட்டால் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும்: நான்கு எண்ணிக்கைத் தாளம், ஸ்வரத்துக்கு ஓர் எண்ணிக்கை நீளம். பாறையில் இவற்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. மனிதன் எழுதும் குறிப்பு தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு எழுதும். இயந்திரத்துக்கு எதையும் விட்டுவிட முடியாது. காலி இடத்தை எதையாவது கொண்டு நிரப்பியாக வேண்டும். இசை மென்பொருளில் வருகிற ஏறக்குறைய எல்லாச் சிக்கலும், குறிப்பாக நம் இசையை அதற்குள் கொண்டுபோகும்போது வருகிற சிக்கல், இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஸ எங்கே இருக்கிறது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக சங்கீதத்தில் ஸட்ஜத்துக்கு நிரந்தர முகவரி கிடையாது. பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடுவார், ஆண் பாடகர் ஒரு கட்டையில். மின்னணு இசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழியான மிடி 1983இல் வந்தது. அதில் ஸ்வரங்கள் 0 முதல் 127 வரையிலான எண்கள். பியானோவின் நடு ஸி 60. அதற்கு மேலுள்ள ஏ 69. அதன் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ். எண் ஒன்று கூடினால் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூடும், 12 கூடினால் இரட்டிப்பாகும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டே படிகள். ஆனால் பாறையின் முதல் இரண்டு பகுதிகளான மத்யமகிராமத்துக்கும் ஷட்ஜகிராமத்துக்கும் உள்ள வேறுபாடே, பஞ்சமம் ஒரு சுருதி இறங்குவதுதான். 22 சுருதி கொண்ட பழைய கணக்கில் அந்த ஒரு சுருதி, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. மிடியின் 128 எண்களில் அதற்கு இடமே இல்லை.

இதைக் கேட்டதும் 'மேல்நாட்டுக் கருவி நம் இசைக்கு உதவாது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அவசரத் தீர்ப்பு அது. மிடியிலேயே 'பிட்ச் பெண்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒலிக்கும் ஸ்வரத்தை மேலும் கீழும் வளைப்பதற்கு. வழக்கமான அமைப்பில் இரண்டு கட்டை மேலே, இரண்டு கட்டை கீழே. அந்த வீச்சை அது 16,384 படிகளாகப் பிரிக்கிறது. நமக்கு வேண்டிய ஒரு சுருதிக்குள் கிட்டத்தட்ட 900 படிகள் அடங்கும். மனிதக் காதால் பிரித்தறிய முடிகிற அளவைவிட மிக நுண்ணியது. சுருதியை இயந்திரம் எப்போதோ தீர்த்துவிட்டது.

தீராதது கமகம்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் 'க' என்று எழுதியிருக்கும். இலக்கணப்படி சாதாரண காந்தாரம். பாடகர் பாடுகையில் குரல் ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி மத்யமம் வரை போய் ஆடித் திரும்புகிறது. காந்தாரம் என்று இலக்கணம் சொல்லும் இடத்தில் அது நிற்பதே அரிது. மென்பொருளில் 'க' என்று அடித்தால் அது சுத்தமாக, அசையாமல், அந்த இடத்திலேயே நிற்கும். ஸ்வரம் சரி, தோடிதான் இல்லை. எழுதப்பட்ட ஸ்வரம் ஒலியின் படம் அல்ல. ஏற்கெனவே தோடி கேட்டுப் பழகிய ஒருவருக்குக் கொடுக்கப்படும் சைகை.

இதை உணர்ந்து எழுதப்பட்ட மாபெரும் நூல், பாறை கண்டெடுக்கப்பட்ட அதே 1904இல், எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சானது: சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளை ஸ்வரப்படுத்தியதோடு, கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒடுக்கல், ஓரிக்கை என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஸ்வரத்தின் தலையில் ஒரு குறியும் போட்டார். இந்தப் பெயர்களில் பல, வீணையில் இடக்கை செய்யும் வேலையின் பெயர்கள். ஜாரு என்றால் மெட்டுகளின் மேல் விரல் வழுக்கிச் செல்வது. ஒடுக்கல் என்றால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை உயர்த்துவது. ஓசை எப்படி இருக்கும் என்று சொல்லாமல், கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற குறிகள். குடுமியான்மலையின் நான்கு உயிர்களும் இந்த வகைதானோ என்ற சந்தேகம் இங்கே வலுக்கிறது. புதுக்கோட்டைச் சீமை வீணைக்கும் பேர்போனது. வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயர் பிறந்தது இங்குள்ள திருக்கோகர்ணத்தில்.

கணினியில் இதற்கு முயன்றவர்களில் சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் குறிப்பிடத்தக்கவர். அவர் எழுதிய 'காயகா' என்ற மென்பொருள், கர்நாடக ஸ்வரக் குறிப்பை எழுத்தாகவே வாங்கிக்கொண்டு வாசித்துக் காட்டும். கமகத்தையும் பயனர் எழுதிக் கொடுக்கலாம். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். ஒரே ஒரு 'க'வுக்குள் குரல் எங்கே தொடங்கி, எத்தனை நேரம் எங்கே தங்கி, எங்கே முடிகிறது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நாம் பாடும்போது நினைத்துக்கூடப் பார்க்காத விவரங்கள். தோடி ராகத்தின் ஸ்வரங்கள் உண்மையில் எப்படி அசைகின்றன என்று பெரிய வித்வான்களின் ஒலிப்பதிவுகளை அளந்து அவர் கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

வேறொரு வழியில் போனவர் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வின் கேள்வி இது: மனிதர்களுக்கு எழுதுவது போலவே வெறும் ஸ்வரங்களை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தால், முன்பின் ஸ்வரங்களைப் பார்த்து இந்த இடத்தில் இந்த அசைவு என்று அதுவே முடிவு செய்ய விதிகள் எழுத முடியுமா? அதாவது பக்கத்தில் நின்ற ஆசானை மென்பொருளுக்குள் உட்காரவைப்பது. ஓரளவு முடியும் என்பதே சுவையான விஷயம். ஒரு ராகத்துக்குள் அசைவுகள் எல்லையற்றவை அல்ல. ஏறும்போது ஒருவிதம், இறங்கும்போது ஒருவிதம், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு ஒன்று என்று அவற்றுக்குப் பழக்கம் உண்டு. பழக்கம் இருந்தால் விதி எழுதலாம்.

தாளத்தின் பக்கம் திரும்பினால் காட்சியே வேறு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் மாமுண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர்; அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இந்தப் 'புதுக்கோட்டைப் பாணி' கணக்குக்குப் பெயர்போனது. கணக்கு என்றால் கணினிக்குக் கொண்டாட்டம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. 'ததிகிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இடைவெளி விட்டு, சரியாக ஸமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தத்தின் தொடக்கத்தில், வந்து விழ வேண்டும். இடைவெளி இரண்டு மாத்திரை என்றால் மொத்தம் 19. ஆகவே 13 மாத்திரை கழித்து, மூன்று எண்ணிக்கை முடிந்து ஒரு மாத்திரை தள்ளி எடுக்க வேண்டும். ஸமத்திலேயே எடுத்து ஒரே ஆவர்த்தத்தில் ஸமத்தில் முடிக்கலாமா? முடியாது. மூன்று ஐந்து பதினைந்து; மீதி 17 ஒற்றைப்படை, இரண்டு சம இடைவெளியாகப் பிரியாது. பத்து மாத்திரைச் சொல்லாக இருந்தால் இடைவெளி ஒவ்வொன்று விட்டு முடிக்கலாம். எட்டு மாத்திரைச் சொல்லென்றால் நான்கு நான்கு. இப்படிப்பட்ட எல்லாச் சாத்தியங்களையும் சில வரி நிரல் நொடியில் பட்டியல் போட்டுவிடும். எது கேட்க அழகு என்று மட்டும் சொல்லாது. சொற்கட்டு தானே ஒரு முழுமையான குறிப்பு முறை என்பதும் இதற்கு உதவுகிறது: சொல்லும்போதே காலமும் அடியும் உள்ளே வந்துவிடுகின்றன.

எழுத்தை அடிப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. அச்சுப் புத்தகங்களில் மேல் ஸ்தாயிக்கு ஸ்வரத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. தமிழில் தலையில் புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகிவிடும்! தார ஸ்தாயி 'ப'வும் மெய்யெழுத்து 'ப்'பும் பார்வைக்கு ஒன்றே. இதற்கென்று ஒருங்குறியில் தனி மேற்புள்ளி இருக்கிறது. அதைத் தமிழ் எழுத்தோடு சேர்த்தால் பல எழுத்துருக்களில் புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காரும், இல்லையென்றால் ஒரு வட்டம் முளைக்கும். இரண்டாம் காலத்துக்கு ஸ்வரங்களின் மேல் ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு கோடு என்பதைச் சாதாரணத் தட்டச்சில் போடுவது இன்னும் கொடுமை. ஆகவே பலரும் ஆங்கில எழுத்துக்கு ஓடிவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: கல்வெட்டின் எழுத்தான கிரந்தத்துக்கு 2014இல் ஒருங்குறியில் இடம் கிடைத்துவிட்டது. பாறையின் இரண்டாயிரத்துச் சொச்சம் ஸ்வரங்களையும் அதில் அடித்தால் 20 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஒரு நிமிட எம்பி3 பாட்டு ஏறக்குறைய ஆயிரம் கிலோபைட்.

எழுத்தாக இருப்பதன் பலம் அது. ஐரோப்பிய நாட்டுப்புற மெட்டுகள் இணையத்தில் பரவியதும் இப்படித்தான். கிறிஸ் வால்ஷா என்பவர் உருவாக்கிய 'ஏபிசி' குறிப்பு முறையில் ஸ்வரங்கள் வெறும் எழுத்துகள். மின்னஞ்சலில் எழுதி அனுப்பலாம், பெறுபவர் எந்த மென்பொருளும் இல்லாமலே வாசித்துவிடலாம். அதற்கு அடுத்த நிலை 'மியூசிக் எக்ஸ்எம்எல்'. ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்றில் திறப்பதற்கான பொது வடிவம். முதல் பதிப்பு 2004இல் வந்தது. ஐந்து கோட்டுக் குறிப்பின் ஏறக்குறைய எல்லா நுணுக்கத்துக்கும் அதில் பெயரும் இடமும் உண்டு. நொக்குக்கும் ஒடுக்கலுக்கும் கிடையாது. 'வேறு அலங்காரம்' என்ற பொதுப் பெட்டிக்குள் போட வேண்டியதுதான். அதைத் திறக்கிற மென்பொருள் அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் கடந்து போகும்.

பொது வடிவத்தின் அருமை 2024 ஆகஸ்டில் தெரிந்தது. 1988 முதல் இசையமைப்பாளர்களும் பதிப்பாளர்களும் நம்பியிருந்த 'ஃபினாலே' மென்பொருளை இனி வளர்ப்பதில்லை என்று மேக்மியூசிக் நிறுவனம் அறிவித்தது. உலகமெங்கும் கணினிகளில் கிடக்கும் ஃபினாலே கோப்புகளை அந்த மென்பொருள் மட்டுமே முழுமையாகப் படிக்கும். மென்பொருள் ஓடுகிற கணினி இருக்கும் வரைக்கும்தான் அவற்றுக்கு ஆயுள். அதற்குள் மியூசிக் எக்ஸ்எம்எல்லாக மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதிவைத்த குறிப்பு தொலைந்துபோவதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. திருமயம் சிவன் குடைவரையிலும் குடுமியான்மலையைப் போல ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் அழிக்கப்பட்டு, இன்று துண்டு துணுக்குகளே மிச்சம்.

அண்மைக் காலத்து ஆய்வுகள் திசையைத் திருப்பிக்கொண்டன. குறிப்பிலிருந்து ஒலிக்குப் போகாமல், ஒலியிலிருந்து குறிப்பை எடுப்பது. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் ஷவியர் செர்ரா தலைமையில் நடந்த 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும் பங்கெடுத்தது. கச்சேரி ஒலிப்பதிவிலிருந்து பாடகரின் குரல் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை விநாடிக்கு நூறு தடவைக்கும் மேல் அளந்து கோடாக வரைய இன்று முடியும். தோடி காந்தாரத்தின் ஆட்டம் முழுக்க அதில் தெரியும். கூடவே பாடகரின் மூச்சுத் தடுமாற்றம், சாகித்யத்தின் வல்லெழுத்தில் ஏற்படும் வெட்டு, வயலின் குறுக்கிட்ட இடம் எல்லாமும் தெரியும். பாறையில் விவரம் போதாது என்றால் இங்கே விவரம் தாங்காது. அந்தக் கோட்டைப் பார்த்து எந்த மாணவரும் பாட முடியாது. எந்த வளைவு ராகம், எந்த வளைவு வெறும் தொண்டை என்று யாராவது பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிப்பைக் கற்றுக்கொடுக்கத்தான் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் பாட்டு ஆசிரியர்கள் யாரையும் கேட்காமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ இருந்துகொண்டு டொராண்டோ மாணவிக்கு வர்ணம் சொல்லிக்கொடுக்கிறவர், ஸ்வரங்களை வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் நாலு வரி அடித்து அனுப்புகிறார். கமகக் குறி எதுவும் கிடையாது, காற்புள்ளியும் அரைப்புள்ளியும்தான் நீட்டல். அடுத்த நிமிடம் அதே நாலு வரியைத் தானே பாடி ஒரு குரல் பதிவு. மாணவி எழுத்தை நோட்டில் பார்த்து எழுதிக்கொள்கிறாள், பதிவைக் கேட்டுப் பாடுகிறாள். வர்ணம் வந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்துப் போன் மாற்றும்போது நோட்டு பத்திரமாக இருக்கும். குரல் பதிவுகளைத் தரவேற்றி வைத்திருக்கிறாளா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.